ஒரு ரூபாய்க்கு உட்பட்ட களவு

1924 ஜூன் 26. இரவு மணி 11.30 இருக்கும். திருவண்ணாமலை செங்கம் சாலையில் இன்று ரமணாசிரமம் இருக்கும் இடத்தில் அப்போது இருந்தவை ஒரு சமாதியும் சில கூரைக் கொட்டகைகளும்தான். ரமணரின் தாய் அழகம்மாள் 1922 மே மாதம் இறந்தார். அவரை மலையடிவாரத்தில் அடக்கம் செய்தார்கள். அந்த ஆண்டின் கடைசியில்தான் ரமணர் கந்தாசிரமத்தை விட்டு இறங்கி இங்கே தங்க ஆரம்பித்திருந்தார். கோயிலும் கடைத்தெருவும் இரண்டு கிலோமீட்டர் தள்ளி. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் யாரும் இல்லை.

ஜன்னல் ஓரம் படுத்திருந்த குஞ்சு சுவாமிக்கு வெளியே பேச்சுக்குரல் கேட்டது. உள்ளே எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள் என்று யாரோ எண்ணிக்கொண்டிருந்தார்கள். "யாரது?" என்று கத்தினார். பதிலுக்கு ஜன்னல் உடைந்தது, பட்டாசு வெடித்தது. ஆட்கள் நிறைய இருப்பதாகக் காட்டிக்கொள்ளத்தான். கதவு திறந்துதானே இருக்கிறது, வரட்டும் என்றார் ரமணர். அவர்களோ ஜன்னலையே பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். கூரைக்குத் தீ வைப்போம் என்று மிரட்டியபோது, அதெல்லாம் வேண்டாம், நாங்களே வெளியே போய்விடுகிறோம் என்று சொல்லிவிட்டு, முதலில் கருப்பன் என்ற நாயைப் பத்திரமான இடத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார். வாசலில் வரிசையாக நின்று, வெளியே வருகிறவர்களை ஆளுக்கு ஓர் அடி போட்டார்கள் திருடர்கள். ரமணருக்கு இடது தொடையில் விழுந்தது. போதாவிட்டால் இன்னொரு காலிலும் அடிக்கலாமே என்றார். ஒரு சீடர் ஆத்திரத்தில் இரும்புத்தடியை எடுத்தபோது தடுத்துவிட்டார். பிறகு தேட விளக்கு வேண்டும் என்று திருடர்கள் கேட்டார்கள். ஹரிக்கேன் விளக்கைக் கொடுக்கச் சொன்னார். அதிகாலை 2 மணி வரை தேடினார்கள். மறுநாள் விசாரித்தவர்களிடம், தனக்கும் நல்ல பூசை கிடைத்தது என்று சிரித்தாராம். பூசை என்றால் நம்மூரில் அடிக்கும் அதே சொல்தானே.

கிடைத்தது என்ன? விக்கிரகங்களுக்குச் சாத்தும் சில வெள்ளித் தகடுகள், கொஞ்சம் அரிசி, மாம்பழம், சிறிது ரொக்கம். இந்தப் பட்டியல் இவ்வளவு துல்லியமாக நமக்குக் கிடைப்பதற்குக் காரணம் உண்டு என்று நினைக்கிறேன். ரமணரின் முதல் பெரிய ஆங்கில வாழ்க்கை வரலாற்றை எழுதிய பி. வி. நரசிம்ம சுவாமி, துறவுக்கு முன் சேலத்தில் வக்கீலாக இருந்தவர். களவு என்றால் களவுபோன பொருள் என்ன என்று கேட்பது அவருக்குத் தொழில் பழக்கம்.

குஞ்சு சுவாமி ஊருக்குள் ஓடி ஓர் அதிகாரியையும் இரண்டு கான்ஸ்டபிள்களையும் கூட்டிவந்தார். சில அறிவிலிகள் வந்தார்கள், ஒன்றும் கிடைக்காமல் ஏமாந்து போய்விட்டார்கள் என்று மட்டும் ரமணர் சொன்னார். எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். முனிசாமி என்ற சிறுவன் பின்னாலேயே ஓடிப்போய், சாமியை அடிச்சாங்க என்று சொன்ன பிறகுதான் விஷயம் பெரிதானது. காலையில் சப் இன்ஸ்பெக்டரும் சர்க்கிள் இன்ஸ்பெக்டரும் வந்தார்கள். அப்புறம் டெபுடி சூப்பிரண்டே வந்தார். கேட்டால் ஒழிய, அடியைப் பற்றியோ களவைப் பற்றியோ ரமணர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. சில நாளில் திருடர்கள் பிடிபட்டார்கள், பொருள்களில் கொஞ்சம் மீண்டது, சிறைத்தண்டனையும் ஆனது.

இந்தக் கதையை ரமணரின் பொறுமைக்கு உதாரணமாகப் பலமுறை படித்திருப்பீர்கள். என் கண் அந்தப் பதவிப் பெயர்களில் போய் நின்றுவிட்டது. ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் தலைவராக ஒரு சப் இன்ஸ்பெக்டர், அவர்களுக்கு மேலே ஒரு டெபுடி சூப்பிரண்டு என்ற ஏற்பாடே 1902-03 ஃப்ரேசர் போலீஸ் கமிஷனின் சிபாரிசில் வந்தது. 1924இல் அதற்கு வயது இருபதுதான். அரிசியும் மாம்பழமும் போனதற்கு இத்தனை பேர் வரும் இந்த ஊரில், நூறு ஆண்டுக்கு முன்னால் இதே களவு நடந்திருந்தால் யார் வந்திருப்பார்?

தலையாரி வந்திருப்பார். இன்னும் கொஞ்சம் முந்திப் போனால் காவல்காரர்.

காவல் என்ற சொல்லை நாம் இன்று போலீசுக்கு வைத்துவிட்டோம். அதனால் பழைய பொருள் மங்கிவிட்டது. பாளையக்காரர் காலத்துக் காவலில் இரண்டு அடுக்கு உண்டு. ஒரு கிராமத்தைப் பார்த்துக்கொள்வது படிக்காவல். ஒரு வட்டாரத்தையே, அதன் சாலைகளையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வது தேசகாவல். அறுவடையில் ஒரு பங்கு, ஏருக்கு இவ்வளவு, வீட்டுக்கு இவ்வளவு என்று கூலி. கூலி வாங்கியவருக்கு ஒரு கடமை: களவு போனால் கண்டுபிடித்துத் தரவேண்டும், முடியாவிட்டால் ஈடு கட்டவேண்டும். அடித்தடம் பிடித்துக்கொண்டு போய், அது அடுத்த ஊர் எல்லைக்குள் நுழைந்தால் அங்கிருக்கிற காவல்காரர் தலையில் பொறுப்பைக் கட்டுவது இந்தியாவின் பல பகுதிகளிலும் இருந்த முறை. ஐடி கம்பெனியில் வேலை பார்ப்பவர்களுக்கு இது உடனே புரியும். அப்பட்டமான எஸ்.எல்.ஏ. ஒப்பந்தம். சர்வர் விழுந்தால் யார் குற்றவாளி என்பது அப்புறம், முதலில் நஷ்டத்தை யார் ஏற்பது?

இதை நான் பொற்காலமாக்கவில்லை. கூலி தராத ஊரில் மாடு தானாகக் காணாமல் போகும். துப்புக்கூலி என்று ஒன்று இருந்தது. காணாமல் போன மாடு எங்கே கட்டியிருக்கிறது என்று துப்புச் சொல்ல ஒரு தொகை. துப்புச் சொல்பவருக்கும் மாட்டை ஓட்டியவருக்கும் நடுவே எத்தனை அடி தூரம் என்று யாரும் அளந்து பார்க்கமாட்டார்கள். காவலும் களவும் ஒரே வீட்டில் அண்ணன் தம்பியாக இருந்த ஏற்பாடு அது. ஆனாலும் அந்த ஏற்பாட்டின் நடுவில் இருந்தது பறிகொடுத்தவரின் பொருள். அது திரும்ப வருமா வராதா என்பதே கேள்வி.

பாளையக்காரர்களை 1801க்குள் அடக்கிவிட்டுக் கம்பெனி அவர்களுடைய தேசகாவல் உரிமையைப் பறித்தது. கூலி போயிற்று, கூலி வாங்கிப் பழகிய ஆட்கள் போகவில்லை. 1802இல் வங்காளத்து தரோகா முறையைச் சென்னை மாகாணத்துக்குக் கொண்டுவந்து பார்த்தார்கள். சம்பளம் வாங்கும் தரோகாவுக்கு ஊர் தெரியாது, ஊருக்கு அவர் மேல் நம்பிக்கை கிடையாது. சரிப்படவில்லை. கடைசியில் தாமஸ் மன்றோவின் யோசனைப்படி 1816இல் கிராமத்திடமே திருப்பிக் கொடுத்தார்கள். கலெக்டரே மாஜிஸ்திரேட், தாசில்தாரே போலீஸ் தலைவர், ஊரில் மணியக்காரர் என்றும் முன்சீப் என்றும் அழைக்கப்பட்டவர் கையில் சில்லறை அதிகாரங்கள், அவருக்குக் கீழே தலையாரி. வரி வசூலிப்பவரே வழக்கையும் விசாரிப்பார். 10 ரூபாய் வரையுள்ள கடன் தகராறும் அவரிடமே.

அந்த ஆண்டின் 11ஆம் ரெகுலேஷனில் ஒரு பிரிவு இருக்கிறது. வசைபேச்சு, சிறிய அடிதடி மாதிரி அற்ப விஷயங்களில் முன்சீப் தண்டனை தரலாம். என்ன தண்டனை? கிராமச் சாவடியில் 12 மணி நேரம் வரை அடைத்து வைக்கலாம். குற்றவாளி தாழ்ந்த சாதியாக இருந்து, இவ்வளவு இழிவான தண்டனை அவருக்குத் தகாது என்று சொல்ல முடியாதென்றால், 6 மணி நேரம் வரை தொழுமரத்தில் மாட்டலாம். இழிவானது என்று சட்டமே ஒப்புக்கொண்டு, யாருக்கு அந்த இழிவு பொருந்தும் என்று சாதியைப் பார்த்துத் தீர்மானிக்கிறது. என் வேலையில் இதை இஃப்-எல்ஸ் என்போம். கண்டிஷனில் குற்றம் இல்லை, ஆள் இருக்கிறார்.

1821இல் இன்னொரு ரெகுலேஷன் இந்த அதிகாரத்தைச் சில்லறைக் களவுக்கும் நீட்டியது. உச்சவரம்பு ஒரு ரூபாய். அதற்கு மேலே போனால் தாலுகாவுக்கு அனுப்பவேண்டும்.

ஒரு ரூபாய் என்பது எவ்வளவு? ரமணரின் தந்தை சுந்தரம் ஐயர் பன்னிரண்டு வயதில் ஒரு கணக்குப்பிள்ளையிடம் எழுத்து வேலைக்குச் சேர்ந்தபோது மாதச் சம்பளம் 2 ரூபாய். அதுவும் பிற்காலத்தில், எழுதப் படிக்கத் தெரிந்த பையனுக்கு. அப்படியென்றால் முன்சீப்பின் எல்லைக்குள் வருவது எதுவெல்லாம்? ஒரு முந்தானை கம்பு, வைக்கோல் கட்டு, தேங்காய், புளி, ஒரு கோழி, விறகு. யார் எடுத்திருப்பார் என்று ஊருக்கே தெரியும் பொருள்கள். அறுப்புக்கூலியில் பிடித்தம் வந்தபோது கதிரில் கை வைத்தவரை அந்தக் கதிரின் சொந்தக்காரரே, அல்லது அவருடைய பங்காளியே, முன்சீப்பாக இருந்து விசாரிக்கும் ஏற்பாடு. இது மன்றோவுக்குத் தெரியாததல்ல. கிராமத்தார் கிராமத்தாரை விசாரித்தால் செலவு குறையும், நீதி நெருங்கிவரும் என்று அவர் நம்பினார். நெருங்கித்தான் வந்தது.

(இங்கே ஒரு குறும்பு. 1896 ஆகஸ்டு 29 அன்று மதுரையில் பதினாறு வயது வெங்கட்ராமன், அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்கான 5 ரூபாயில் 3 ரூபாயை எடுத்துக்கொண்டு, மீதி 2 ரூபாயை ஒரு கடிதத்தோடு வைத்துவிட்டுத் திருவண்ணாமலைக்குக் கிளம்பினார். வீட்டார் புகார் கொடுத்திருந்தால் கிராம முன்சீப்பின் வரம்பைத் தாண்டிய தொகை!)

இங்கிலாந்திலும் இதே காலத்தில் கிராமக் காவல் பெரிய தலைவலிதான். பாரிஷ் கான்ஸ்டபிள் என்பவர் அந்தந்த ஊர்க்காரர், சம்பளம் கிடையாது, முறை வைத்து ஓர் ஆண்டு பார்ப்பார், பல பேர் காசு கொடுத்து வேறு ஆளை அனுப்பிவிடுவார்கள். அங்கேயும் ஓர் உச்சவரம்பு இருந்தது. 12 பென்ஸ் வரை சிறு களவு, அதற்கு மேலே பெருங்களவு. 1827இல் அந்த வேறுபாட்டை ஒழித்தார்கள். பணக்கார விவசாயிகள் சங்கம் அமைத்துச் சந்தா வசூலித்துத் திருடனைப் பிடிக்கவும் வழக்கு நடத்தவும் செலவழித்தார்கள். அறுத்த வயலில் சிந்திய கதிர் பொறுக்குவது ஏழைகளின் வழக்கம். அதற்குச் சட்டப்படி உரிமை கிடையாது என்று 1788இல் தீர்ப்பானது. எல்லா மாவட்டங்களிலும் சம்பளப் போலீஸ் கட்டாயமானது 1856இல். தொழுமரம் அங்கும் உண்டு, நியூபரி என்ற ஊரில் 1872இல்கூட ஒரு குடிகாரரை மாட்டிவைத்தார்கள். குடித்தால் யாரை வேண்டுமானாலும் மாட்டலாம் என்பதுதான் அங்கிருந்த விதி. நடைமுறையில் மாட்டியது ஏழைகளைத்தான் என்றாலும், பிறப்பைப் பார்த்து மாட்டு என்று எழுதிவைக்கவில்லை. அதைக் கம்பெனி இங்கே வந்துதான் எழுதியது.

சில்லறைக் களவில் சாட்சி கிடைக்காது. பொருளைத் தின்றிருப்பார்கள். மிஞ்சுவது ஒப்புதல் மட்டும்தான். ஒப்புதலை எப்படி வாங்கினார்கள் என்பது 1855இல் அச்சாகி வந்தது. சென்னை மாகாணத்தில் வரி வசூலுக்குச் சித்திரவதை நடக்கிறது என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேச்சு எழுந்து, எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் மூவரும் விசாரிக்க நியமிக்கப்பட்டார்கள். சித்திரவதைக் கமிஷன் என்றே பெயர். சில மாதங்களுக்குள் 1,900க்கும் மேற்பட்ட புகார்கள். பல நாள் நடந்தே சென்னைக்கு வந்து சொன்னவர்கள் உண்டு. கிட்டி என்ற மர இடுக்கியில் விரல்களை வைத்து நெரிப்பது, அண்ணாந்தாள் என்று கழுத்தையும் காலையும் கயிற்றால் கட்டிக் குனிய வைத்து வெயிலில் நிறுத்துவது எல்லாம் அந்த அறிக்கையில் தமிழ்ப் பெயர்களோடே இருக்கின்றன. வரி பாக்கிக்கும் களவுச் சந்தேகத்துக்கும் ஒரே கருவி, பெரும்பாலும் ஒரே ஆட்கள். ஏனென்றால் வசூலும் போலீசும் ஒரே கையில் இருந்தன.

அந்த அறிக்கைக்குப் பிறகுதான் வருவாயிலிருந்து பிரிந்த தனிப் போலீஸ் சென்னையில் 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டத்தால் பிறந்தது. முதல் இன்ஸ்பெக்டர் ஜெனரல் வில்லியம் ராபின்சன். இந்தியாவின் மற்ற பகுதிகளுக்கு 1861இல்தான் போலீஸ் சட்டம். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் செல்லாது என்ற விதியும் 1861இல் வந்து, 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 25, 26ஆம் பிரிவுகளாக நிலைத்தது. மாஜிஸ்திரேட் முன்னிலையில் சொன்னால் செல்லும். சரி, நம்ம ஊர் முன்சீப்பும் ஒருவகை மாஜிஸ்திரேட்தானே? அந்த ஓட்டையை அடைக்கப் பின்னர் ஒரு விளக்கம் சேர்த்தார்கள். செயின்ட் ஜார்ஜ் கோட்டை மாகாணத்தில் குற்றவியல் அதிகாரம் செலுத்தும் கிராமத் தலைவர் இந்தப் பிரிவின்படி மாஜிஸ்திரேட் ஆகமாட்டார் என்று. இந்தியா முழுமைக்குமான சட்டத்தில் நம்ம கிராமத்து மணியக்காரருக்குப் பெயர் சொல்லி ஓர் அவநம்பிக்கை! அடுத்த நூற்றாண்டும் தாண்டி, 2024இல் புதிய சட்டம் வரும்வரை அந்த வரி புத்தகத்தில் இருந்தது.

போலீஸ் வந்துவிட்டது. ஆனால் மாடு களவு போனவருக்கு ஈடு கட்ட எந்த ஸ்டேஷனிலும் ஏற்பாடு இல்லை. களவு அரசுக்கு எதிரான குற்றமாகிவிட்டது, பறிகொடுத்தவர் வெறும் முதல் சாட்சி. ஆகவே காவல் ஒழியவில்லை. மதுரை, திருநெல்வேலிப் பக்கம் கள்ளர், மறவர் காவல் இருபதாம் நூற்றாண்டு வரை ஓடியது. வெங்கட்ராமன் மதுரையை விட்டுப்போன அதே 1896இல்தான் மதுரை, திண்டுக்கல் வட்டாரத்தில் கள்ளர் காவலுக்கு எதிராகக் கலகம் மூண்டது. கோனார்களும் மற்ற குடியானவர்களும் சேர்ந்து பணம் போட்டு ஒரு நிதி வைத்தார்கள். தங்கள் காவலுக்குத் தாங்களே ஆள் வைப்பது, மாடு போனவருக்கு நிதியிலிருந்து ஈடு தருவது. 'ஃபண்ட்' என்பதிலிருந்து அதன் பெயரே 'பண்டு' ஆகிவிட்டது. ஆங்கிலேய விவசாயியின் சந்தா சங்கத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரன் மாதிரி. நல்ல யோசனையாகத்தான் தொடங்கியது. கள்ளர் வீடுகளை எரித்து, ஊரைவிட்டே துரத்துவதில் போய் முடிந்தது.

அரசு எடுத்த வழி வேறு. ஆளைப் பார்த்துத் தண்டிப்பதிலிருந்து, ஒரு சாதி முழுவதையும் பட்டியலில் ஏற்றுவதற்குப் போனது. 1871இல் வடக்கே வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911 திருத்தத்துக்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஜனங்கள் வாயில் அது ரேகைச் சட்டம். களவே நடக்காமல் கைரேகை வைக்கவேண்டும், இரவில் எங்கே படுக்கிறோம் என்று சொல்லவேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்கள்மீது போலீஸ் சுட்டதில் 16 பேர் இறந்தார்கள். 1816இன் முன்சீப்பாவது குற்றம் ஒன்று நடக்கும்வரை காத்திருந்தார்.

1924இல் ஆசிரமத்துக்கு வந்த டெபுடி சூப்பிரண்டுக்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது. அடித்தவர்கள்மீது புகார் சொல்ல விரும்பாத ஒருவரிடம் அவர்கள் வாக்குமூலம் வாங்கிப்போனார்கள். பிடிபட்டவர்கள் யார், ஸ்டேஷனில் எப்படி ஒப்புக்கொண்டார்கள் என்பதைப் பக்தி நூல்கள் எழுதவில்லை. ஸ்டேஷனில் என்ன நடக்கும் என்று அன்றைக்கு ஊரில் எல்லோருக்கும் தெரியும். ரமணருக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வக்கீல் வீட்டில் வளர்ந்த பிள்ளை. ஏமாந்து போனார்கள் என்று அவர் சொன்ன அந்த ஒற்றை வரியை நான் இப்போது பொறுமை என்று மட்டும் படிப்பதில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு குற்றப் பரம்பரைச் சட்டம் ஒழிந்தது, 1952 ஆகஸ்டு 31இல் நாடு முழுவதும். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு முன்சீப், கர்ணம் பதவிகளை ஒரே அவசரச் சட்டத்தில் நீக்கியது. பரம்பரையாக ஊரை ஆண்ட குடும்பங்கள் கோர்ட்டுக்குப் போய்ப் பார்த்தன, நடக்கவில்லை. பதிலுக்குத் தேர்வு எழுதி வருகிற கிராம நிர்வாக அலுவலர் வந்தார். நாம் வி.ஏ.ஓ. என்கிறோம். தலையாரியும் வெட்டியானும் கிராம உதவியாளர் ஆனார்கள். ஊரில் இன்னமும் தலையாரிதான்.

1993இல் கடலூர் மாவட்டம் முதனை கிராமத்து ராசாக்கண்ணுவை நகைத் திருட்டுச் சந்தேகத்தில் போலீஸ் பிடித்துக்கொண்டு போய் அடித்தே கொன்றது. 'ஜெய் பீம்' பார்த்தவர்களுக்குக் கதை தெரியும். படத்தில் இருளர், நிஜத்தில் அவர் குறவர். கடலூர் பழைய தென்னார்க்காடு. 1911 வரை திருவண்ணாமலை தாலுகாவும் அதே ஜில்லாவில்தான் இருந்தது. 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் ஒரு கோயில் காவலாளி, பக்தர் ஒருவரின் நகை காணோம் என்ற புகாரில் போலீஸ் விசாரணையில் அடிபட்டு இறந்தார். வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. காவல் பார்த்த ஆளே களவுக்குப் பதில் சொல்லவேண்டும் என்ற பழைய நியாயம், ஈடு கட்டுவதற்குப் பதில் உயிரையே கேட்கும்படி மாறி வந்து நிற்கிறது.

ஒப்புதலின் பிரச்சினையும் அப்படியே இருக்கிறது. போலீசிடம் சொன்னால் செல்லாது, ஆகவே போலீஸ் அல்லாத யாரிடமாவது சொல்லியிருக்கவேண்டும். தமிழ்நாட்டுக் கொலை வழக்குத் தீர்ப்புகளைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்க. குற்றம் செய்தவர், முன்பின் பழக்கமில்லாத வி.ஏ.ஓ. அலுவலகத்துக்குத் தானாகப் போய், மனம் வருந்தி எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வார். வி.ஏ.ஓ. அதை எழுதி வாங்கி, ஆளையும் காகிதத்தையும் ஸ்டேஷனில் ஒப்படைப்பார். விசாரணை தொடங்கிய பிறகு கிராம மாஜிஸ்திரேட்டுகள் ஒப்புதல் எழுதி வாங்கக் கூடாது என்று ஒரு பழைய விதி இருந்தது. வி.ஏ.ஓ. கிராம மாஜிஸ்திரேட் அல்ல, அதனால் அந்த விதி அவரைக் கட்டாது என்று சிவகுமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டப்படி அது சரிதான். முன்சீப் பதவியை ஒழித்தபோது அவர்மேல் இருந்த தடையும் சேர்ந்தே ஒழிந்துவிட்டது.

களவு வழக்கென்றால், எதிரி காட்டிய இடத்திலிருந்து பொருளை எடுத்ததாக ஒரு மகஜர் இருக்கும். கீழே இரண்டு சாட்சிக் கையெழுத்து. பெரும்பாலும் வி.ஏ.ஓ.வும் தலையாரியும். குறுக்கு விசாரணையில் எதிரியின் வக்கீல் கேட்பதும் எப்போதும் ஒன்றுதான். சம்பவ இடத்துக்கே நீங்கள் போகவில்லை, போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்து எழுதிவைத்த காகிதத்தில் கையெழுத்துப் போட்டீர்கள். தலையாரி சொல்லும் பதிலைக் கோர்ட்டு டைப்பிஸ்ட் கேட்பதற்கு முன்பே அடித்துவிடுவார். என்றால் சரியல்ல.